நூற்று இருபத்தொன்றாம் பதிவு

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். அலாரம் தேவைப்படாது. கெட்டிலில் இரண்டு கோப்பைத் தண்ணீர் வைப்பேன். கொதித்த பிறகு ஒரு கோப்பையைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். ஐந்து மாதமாகியும் அளவு மாறவில்லை. குளித்து, முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போடுவேன். ஒருநாள் விட்டு ஒருநாள் நகம் வெட்டுவேன். எங்கள் தொழிலில் நகம் வளர்க்கக் கூடாது. கிளம்புவதற்கு முன் உள்ளங்கைகளை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்திருப்பேன். சில்லென்ற கை பட்டால் கழுத்து இறுகிக்கொள்ளும். இறுகிய கழுத்தில் எதுவும் செய்ய முடியாது.

ஏழரைக்கு அத்தையிடமிருந்து போன் வரும். அத்தை என்றால் என் மனைவியின் அம்மா.

"சாப்ட்டீங்களா மாப்ளை?"

"ஆச்சு அத்தை."

கொஞ்ச நேரம் பேசமாட்டார். பிறகு தினமும் கேட்பதைக் கேட்பார்.

"கடைசியா என்ன சொன்னா?"

"'இப்ப நல்லா இருக்கு'ன்னு சொன்னா அத்தை."

"வலி இல்லாமத்தான் இருந்திருக்கா, இல்ல?"

"ஆமா அத்தை."

"போதும்ப்பா. எனக்கு அது போதும்" என்று வைத்துவிடுவார்.

நேற்றும் இப்படித்தான். எட்டேகாலுக்கு நான் வேலைக்குப் போனபோது நீங்கள் என் அறையில், என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். மேசைமேல் ஒரு குரல்பதிவுக் கருவி இருந்தது.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். உங்கள் ஸ்டேஷன் பேனா விட்டுவிட்டு எழுதுகிறது. அதற்கு நான் பொறுப்பல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் தலையை இடப்பக்கம் சாய்த்தே உட்காருகிறீர்கள். யாராவது வலப்பக்கம் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறீர்கள். மூன்று அமர்வில் சரிசெய்துவிடலாம். இதை நேற்று சொன்னதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டீர்கள். அவசியமில்லை.

முதலில் ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

கழுத்துவலியால் யாரும் சாவதில்லை என்பார்கள். அதனாலேயே அதை யாரும் சட்டை செய்வதில்லை. எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வருகிறவர்கள் பத்து இடம் பார்த்து, பத்து பட்டை போட்டு, வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சலித்துப்போனவர்கள். அவர்களுக்குக் கையால் செய்யும் சிகிச்சை கூடுதல் பயன் தருமா, பயிற்சி மட்டுமே போதுமா? இதுதான் எங்கள் கேள்வி. மொத்தம் நூற்றிருபது பேர். அறுபது பேருக்கு என் கை, அறுபது பேருக்குப் பயிற்சித் தாள். யாருக்கு எது என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. ஒட்டிய பழுப்பு உறைகள், எண் போட்டு, பேராசிரியரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஆள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறையைக் கிழிப்போம். உள்ளே ஒரே வார்த்தை இருக்கும். கை, அல்லது பயிற்சி. அதோடு அவருக்குப் பெயர் போய் எண் வந்துவிடும்.

பயன் இருந்ததா என்று அளப்பது வேறொருவர். அவரை டேப் அக்கா என்போம்; கழுத்தில் எந்நேரமும் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டிருப்பார். யாருக்கு என்ன சிகிச்சை என்று அவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அளக்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். "அக்காகிட்ட மட்டும் வாயத் திறக்காதீங்க" என்று சொல்லித்தான் ஆட்களை அவரிடம் அனுப்புவோம். ஒரு லாரி டிரைவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டே அளவு கொடுத்துவிட்டு வந்தார். "பல்வலிக்கு இங்க பாக்க மாட்டோம்னு அந்தாளுகிட்ட சொல்லுப்பா" என்று அக்கா என்னிடம் சொன்னார். மூன்று வருடம் அக்காவுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். அதில் நான் கெட்டிக்காரன்.

அடுத்தது பதிவு. எல்லோருக்கும் ஒரே முறையில் செய்தேனா என்று பின்னால் சரிபார்க்க, ஒவ்வொரு அமர்வின் குரலையும் பதிவு செய்ய வேண்டும். கருவி கட்டிலின் தலைமாட்டில் கொக்கியில் தொங்கும். பட்டனை அழுத்தி, எண்ணைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பேன். பதிவு தானாகவே பொதுக் கணினிக்குப் போய்விடும். அங்கிருந்து யாரும் அழிக்க முடியாது. ஆய்வில் ஒருவரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லி அப்படி அமைக்கச் செய்தவன் நான். நானூறு அமர்வுகளுக்குப் பிறகு கை தானாகப் பட்டனுக்குப் போகும். வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி.

கடைசியாக, எண்ணுதல். என்னைப் பிரிவில் 'சொடுக்கு சார்' என்பார்கள். கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்குவது என் சிகிச்சையில் ஒரு பகுதி. அதற்கு முன் தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இருபதிலிருந்து பின்னோக்கி வாய்விட்டு எண்ணச் சொல்வேன். கழுத்தெலும்புகளுக்குள்ளே மூளைக்கு ஏறும் ரத்தக் குழாய் இருக்கிறது. அது நெருக்கப்பட்டால் சிலருக்கு நாக்கு தடுமாறும், எண் குழறும். குழறினால் கையை எடுத்துவிட வேண்டும். அன்றைக்குச் சொடுக்கு கிடையாது. எல்லா ஆபத்தையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுக்கும்போது மதிக்க வேண்டும்.

நாற்பத்தொன்று துணி தைக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். உறையில் 'கை' வந்தது. நான்காவது அமர்வில் எண்ணிக்கொண்டே வந்தவர் பதினாறில் நின்றார். மறுபடியும் பதினாறு என்றார். "எனக்கு இஞ்சுக் கணக்குதான் சார் வரும்" என்று சிரித்தார். நாக்கு லேசாகக் கனத்திருந்தது. வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் சொடுக்கினேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான்கு நாள் கழித்து அவருடைய மகள் போன் செய்தாள். அம்மாவுக்கு வாய் கோணிவிட்டது, வலது கை வரவில்லை, வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றாள். இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. "இனிமே அம்மாவால வர முடியாது சார். பாதியில விட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றாள். பரவாயில்லை என்றேன்.

தீங்கு நேர்ந்தால் நிரப்புவதற்கு ஒரு பிங்க் தாள் இருக்கிறது. அதை நிரப்பினால் ஆய்வு அன்றே நிற்கும். குழு கூடும், விசாரிக்கும், ஒரு வருடம் போகும். அப்போது நாற்பத்தாறு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் என் கை பட்டவர்கள், மற்றவர்களைவிட நன்றாகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் 'விலகக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'ஊர் மாறிவிட்டார்' என்று எழுதினேன். அந்த இரண்டு வார்த்தையால் மேற்கொண்டு எழுபத்துநான்கு பேருக்குச் சிகிச்சை கிடைத்தது. அதையும் உங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி அந்த ஆய்வில் தட்டச்சு செய்தாள். என் கையெழுத்துப் படிவங்களை அவளும் இன்னொரு பெண்ணும் தனித்தனியாகக் கணினியில் ஏற்றுவார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் யாரோ தவறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவள் தவறியதில்லை. எண்களில் அவள் தவறி நான் பார்த்ததே இல்லை. பெரும்பாலும் தவறியது நான். என் ஏழு ஒன்று மாதிரி இருக்கும், இடது வலது மாறியிருக்கும். அப்படிப்பட்ட இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். நான் திருத்திக் கையெழுத்துப் போடும்வரை ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு வட்டத்தை அழித்துவிடுவாள், தடம்கூட இருக்காது. மூன்று வருடத்தில் நூற்றெழுபத்திரண்டு வட்டங்கள். எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. அது அவள் வேலை.

மாதக்கணக்கில் குனிந்து தட்டியதில் அவளுக்கும் கழுத்துவலி வந்தது. "ஊரார் கழுத்தெல்லாம் தெரியுது, வீட்டுக் கழுத்து மட்டும் உங்க கண்ணுல பட மாட்டேங்குது" என்பாள். நேரமில்லாததால் பயிற்சித் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "ஓ, எனக்கு உறையில பயிற்சிதான் வந்துச்சா" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, திரைச்சீலைக்குக் கரை தைக்கக் கொடுக்கப் போனவள் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள். மேசைமேல் வைத்தாள். உட்காரவில்லை.

"நாப்பத்தொண்ணு ஊர் மாறலைங்க."

"எந்த நாப்பத்தொண்ணு?"

"எத்தனை நாப்பத்தொண்ணு வச்சிருக்கீங்க?"

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கழற்றி முடித்தேன்.

"ரெண்டு தெரு தள்ளித்தான் கடை. மெஷின்ல மக உக்காந்திருக்கா. அந்தம்மா மூலைல நாற்காலில. வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கு. ஊசியில நூல் கோக்க முடியலையாம். மக நூல்கண்டு எடுக்க டிராயரைத் திறந்தா, உள்ள நம்ம வருகை அட்டை. நம்பர் போட்டு."

"ம்."

"அந்தப் பொண்ணு என்ன கேட்டா தெரியுமா? 'அம்மா பாதியில நின்னதுக்கு சார் கோவிச்சுக்கிட்டாரா'ன்னு கேட்டா."

தண்ணீர் குடித்தேன்.

"ஏங்க. ஏதாவது பேசுங்க."

"அந்த வயசுல ஸ்ட்ரோக் வர்றது சகஜம். தற்செயலா இருக்கும்."

"இருக்கலாம். அதை நீங்களே முடிவு பண்ணிக்கலாமா? அப்புறம் பிங்க் தாள் எதுக்கு, கப்பல் செய்யவா?"

"நூத்தி இருபது பேரும் முடிஞ்சாச்சு. கடைசி அளவு மட்டும்தான் பாக்கி. இன்னும் ரெண்டு வாரம்."

"அதான் சொல்றேன். 'ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை'ன்னு இது வெளிய வந்துட்டா, அதை நம்பி எத்தனை பேர் எத்தனை கழுத்தைத் திருப்புவாங்க?"

சொல்லிவிட்டுத் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். வலி இருந்தது அவளுக்கு. அது பொய்யில்லை.

"சனிக்கிழமை பேராசிரியர் வர்றார். நீங்களே போய்ச் சொல்லிடுங்க. நான் கூட நிக்கிறேன்."

"சொல்லலைன்னா?"

"லெட்டர் எழுதி வச்சுக்கறேன்" என்றாள். "அதுக்கு வேலை வைக்காதீங்க."

நான்கு நாள் இருந்தது. நாங்கள் சண்டை போடவில்லை. எப்போதும் போலச் சாப்பிட்டோம், எப்போதும் போல அவள் பக்கத்து விளக்கை அவள் அணைத்தாள், என் பக்கத்து விளக்கை நான் அணைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை துணி மடித்துக்கொண்டே, "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டாள். காலையில் பார்க்கலாம் என்றேன்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு எழுந்தேன். இரண்டு கோப்பைத் தண்ணீர் வைத்தேன். நகம் வெட்டினேன். கைகளை வெந்நீரில் வைத்தேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு யாரும் இல்லையே, எதுக்கு?" என்றாள். பழக்கம் என்றேன்.

ஸ்கூட்டரில் போனோம். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அன்று பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கைப்பை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

பிரிவில் யாரும் இல்லை. பேராசிரியர் பத்து மணிக்குத்தான் வருவார். எட்டரை ஆகியிருந்தது. அவள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் சிகிச்சை அறையைத் திறந்து, கட்டிலில் புதுத்தாள் விரித்தேன்.

"வா. பத்து மணி வரைக்கும் இப்படியேவா உக்காந்திருப்ப?"

"என்ன, திடீர்னு கரிசனம்?"

"வலிக்குதா இல்லையா?"

"வலிக்குது."

"அப்ப வா."

யோசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லப்போகிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். சமாதானத்துக்கு வருகிறேன் என்று. எழுந்து வந்து கைப்பையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

"மெதுவாத் தேச்சு மட்டும் விடுங்க. சொடுக்கு வேண்டாம்."

"சரி."

இதற்குப் பிறகு பட்டனை அழுத்தினேன். அழுத்தியது எனக்கு நினைவே இல்லை. ஆனால் பதிவில் என் குரல் இருக்கிறது, நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "எண் நூற்று இருபத்தொன்று. முதல் அமர்வு" என்கிறேன். அவள் சிரிக்கிறாள். "எனக்கும் நம்பரா? போற போக்குல உறையும் கிழிச்சிடாதீங்க" என்கிறாள்.

பத்து நிமிடம் தேய்த்தேன். நன்றாகவே செய்தேன். கழுத்து இளகியது. "இப்ப நல்லா இருக்கு" என்றாள். அத்தையிடம் நான் சொல்வது பொய்யல்ல. அவள் அதைச் சொன்னாள்.

பிறகு தலையைத் திருப்பிப் பிடித்து, இருபதிலிருந்து எண்ணச் சொன்னேன்.

அதை அப்புறம் எழுதுகிறேன்.

எட்டு ஐம்பதுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான். பேராசிரியர் வந்தபோது அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். கண் திறந்திருந்தது. பேச்சு இல்லை. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு முடிந்தது. ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து அடைத்துக்கொண்டது, தும்மினால்கூடச் சில பேருக்கு இப்படி ஆகும், யாரையும் குறை சொல்ல முடியாது என்றார்கள். வலி என்றாள், லேசாகத் தேய்த்துவிட்டேன் என்று சொன்னேன். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு வலிக்கும் என்று நினைத்தார்கள். பேராசிரியர் தோளில் கைபோட்டு, "உன்னால ஆனதை நீ செஞ்சே" என்றார். ஆமாம் என்றேன்.

ஆய்வு நின்றுவிடவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கடைசி அளவும் எடுத்தோம். கைச் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பத்தில் ஒன்றரை அளவு வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. நல்ல முடிவு. அறிக்கையை நான் எழுதினேன். 'குறிப்பிடத்தக்க தீங்கு எதுவும் நேரவில்லை' என்ற வரியும் நான் எழுதியதே. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் அவளைச் சேர்த்தேன். தரவுகளைப் பிழையின்றி ஏற்றித் தந்தவர் என்று எழுதினேன். பேராசிரியர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆய்வு முடிந்த பிறகு டேப் அக்காவிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. பதிவுகளில் பத்துக்கு ஒன்றைக் கேட்டுச் சரிபார்க்கும் வேலையைப் பேராசிரியர் அவருக்கே கொடுத்தார். "மூணு வருஷமா என் காதைப் பொத்தி வச்சீங்களே, இனிமே கேக்கலாம்ல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் பட்டியலின் அடியில் நூற்று இருபத்தொன்று என்று ஓர் எண்ணைப் பார்த்திருக்கிறார். அப்படி ஓர் எண் கிடையாது. சொடுக்கு சார் மறுபடியும் எண்ணைத் தப்பாகச் சொல்லியிருக்கிறார், திருத்திவிடலாம் என்று அதைத் திறந்திருக்கிறார். அந்தப் பிழையை வட்டமிட வீட்டில் ஆள் இல்லாமல் போனதுதான் காரணம்.

இனி நீங்கள் நேற்று நான்கு தடவை கேட்டதற்கு வருகிறேன். ஏன் செய்தேன்.

கொஞ்சம் நிதானமாக யோசித்தால் உங்களுக்கே புரியும். ஒரு பக்கம் நூற்றிருபது பேர், மூன்று வருடம், அதற்கு அப்பால் கழுத்தைத் திருப்ப முடியாமல் வாழ்கிற எத்தனையோ பேர். இன்னொரு பக்கம் அவள் கைப்பையில் இருந்த ஒரு பழுப்பு உறை, உள்ளே ஒரு கடிதம். அவள் கடிதத்தைக் கொடுப்பாள் என்பதால் செய்தேன். வேறு காரணம் கிடையாது. நான் கோபக்காரன் அல்ல, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தட்டு உடைந்தது கிடையாது. அவள் அந்தக் கடிதத்தை மட்டும் கொடுக்காமல் இருக்கச் சம்மதித்திருந்தால், இன்று காலை இரண்டு கோப்பைத் தண்ணீரும் செலவாகியிருக்கும். இதை நேற்று வாயால் சொன்னபோது நீங்கள் என்னை வெகுநேரம் பார்த்தீர்கள். "சார், நீங்க இந்தப் பதிவை முழுசாக் கேட்டீங்களா?" என்றீர்கள். பிறகு போட்டுக் காட்டினீர்கள்.

கடிதம் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு கைப்பையிலிருந்து எடுத்தேன். கிழிக்கவில்லை. அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். அரைப்பக்கம்தான். என் மேல் குற்றம் எதுவும் சாட்டவில்லை. நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு நேர்ந்தது பதிவாகாமல் விடுபட்டிருக்கிறது, வேலைப் பளுவில் என் கணவரின் கவனக்குறைவால் நேர்ந்திருக்கலாம், அருள்கூர்ந்து திருத்திக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தாள் என்று நீங்கள் சொல்வீர்கள்.

கவனக்குறைவு என்று எழுதியிருந்தாள். அந்த வார்த்தையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உள்ளே அவள் வாயில் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே உட்கார்ந்து, நூற்றெழுபத்து மூன்றாவது வட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கவனக்குறைவானவன் அல்ல. அவளுடைய அமர்வில் நான் செய்தது எதுவும் கவனக்குறைவால் நடந்தது அல்ல. அதை மட்டும் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது விட்டதை எழுதுகிறேன்.

அவள் இருபதிலிருந்து சரியாக எண்ணிக்கொண்டு வந்தாள். பதினான்குக்கு வந்தாள். மறுபடியும் பதினான்கு என்றாள். எண்களில் தவறாதவள். நாற்பத்தொன்று பதினாறில் நின்றபோது அது இஞ்சுக் கணக்கு என்று நினைத்துக்கொள்ள எனக்கு இடமிருந்தது. இவளிடம் அந்த இடம் இல்லை. இது என்ன என்று எனக்குத் தெரியும். கையை எடுத்துவிட வேண்டிய இடம் அதுதான் என்றும் தெரியும். அவளுக்கும் தெரியும்; அந்த விதியைத் தட்டச்சு செய்தவளே அவள்தான். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொன்னாள். நாக்கு கனத்திருந்தும் பதிவில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்கிறது. நேற்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அன்றைக்கும் தெளிவாகத்தான் கேட்டது.

அதற்குப் பிறகு சொடுக்கினேன். ஓர் அமர்வுக்கு ஒரு பக்கம் ஒருமுறைதான் என்பது விதி. பதிவில் ஒரே பக்கம் நான்கு முறை கேட்கும். நான்கையும் நான் வேண்டுமென்றே செய்தேன். இரண்டாவதுக்குப் பிறகு அவள் கை நழுவிவிட்டது.

இவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

என் போன் உங்களிடம் இருக்கிறது. நாளை ஏழரைக்கு அத்தை கூப்பிடுவார். இன்று காலை நான் எடுக்கவில்லை என்பதால் சீக்கிரமே கூப்பிட்டாலும் கூப்பிடுவார். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அவசரப்பட்டு வைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் கேட்பார். இனி என்னால் அதே பதிலைச் சொல்ல முடியாது, நீங்கள் பதிவைக் கேட்டுவிட்டீர்கள். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"விடுங்க... நான் குடுக்கல. லெட்டரைக் கிழிச்சிடறேன். வீட்டுக்குப் போலாம்."